காப்பி எடுத்த ஃபைல் ஒழுங்காக வந்து சேர்ந்ததா? மூன்று வரியில் ஒரு செக்சம் ஸ்கிரிப்ட்

500 ஜிபி போட்டோவும் வீடியோவும் வெளி ஹார்ட் டிஸ்க்குக்குக் காப்பி ஆகி முடிந்துவிட்டது. பச்சைக் கோடு கடைசிவரை ஓடி மறைந்தது. ஃபைல் எண்ணிக்கை சரி, அளவும் சரி. பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் திருப்தியாகி, லேப்டாப்பில் இருப்பதை அழித்துவிடுகிறார்கள்.

கொஞ்சம் பொறுங்கள். பச்சைக் கோடு முடிந்தது என்றால், எழுதவேண்டியதை எல்லாம் ஆப்பரேட்டிங் சிஸ்டம் அனுப்பி முடித்தது என்றுதான் பொருள். அந்தப் பக்கம் போய் விழுந்தது இந்தப் பக்கம் இருந்ததுதானா என்று அது திரும்பப் படித்துப் பார்ப்பதில்லை. தளர்ந்த கேபிள், எஜெக்ட் செய்யாமல் பிடுங்கிய பென் டிரைவ், 1 டிபி என்று அட்டையில் போட்டு உள்ளே 32 ஜிபி மட்டும் வைத்திருக்கும் போலிச் சரக்கு, இவை எல்லாமே ஃபைல் பெயரையும் அளவையும் அப்படியே காட்டிக்கொண்டு உள்ளடக்கத்தை மட்டும் கெடுக்கக்கூடியவை. வீடியோவைத் திறந்து தாலி கட்டும் இடம் வரை ஓட்டினால்தான் கட்டம் கட்டமாக உடைந்திருப்பது தெரியும்.

இதை ஓட்டிப் பார்க்காமலே கண்டுபிடிக்க உதவுவது செக்சம். டெர்மினலை (கட்டளைகளைத் தட்டும் திரை) இதுவரை திறந்தே பார்க்காதவர்களையும் மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

கட்டளைகளைப் பற்றி முதலில் ஒரு சொல். அவற்றை நாம் வாயால் சொல்கிற மாதிரி தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில், தனியாகக் குறிப்பிடாத இடங்களில் எல்லாம் சிறிய எழுத்தில் தட்டுங்கள். ஸ்பெல்லிங் குழப்பம் வரக்கூடிய சொற்களை எழுத்து எழுத்தாகப் பிரித்துச் சொல்லியிருக்கிறேன். காப்பி பேஸ்ட் பண்ண முடியாதுதான். ஆனால் முதல் முறை கையால் தட்டிப் பழகுகிறவருக்குத்தான் ஒவ்வொரு குறியும் எதற்கு என்று மனதில் நிற்கும்.

செக்சம் என்றால் என்ன

ஒரு ஃபைலில் உள்ள ஒவ்வொரு பைட்டையும் கணக்கில் சேர்த்து, முடிவில் ஒரு குறிப்பிட்ட நீளமுள்ள எண்ணைத் தரும் கணக்கு. உங்கள் ஆதார் எண்ணிலேயே இதன் எளிய வடிவம் இருக்கிறது. 12ஆவது இலக்கம் முன்னால் உள்ள 11 இலக்கங்களில் இருந்து கணக்கிட்டுப் பெறப்படுவது. வெர்ஹோஃப் முறை என்று பெயர். ஓர் இலக்கத்தைத் தவறாகத் தட்டினாலோ, பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை மாற்றிப் போட்டாலோ அந்தக் கடைசி இலக்கம் ஒத்துவராது, ஃபாரம் உடனே முறைக்கும்.

ஃபைலுக்கு ஒரே ஓர் இலக்கம் போதாது. ஷா-256 என்ற முறை 256 பிட் நீளமுள்ள எண்ணைத் தருகிறது. திரையில் அது 64 குறிகளாக வரும்: 0 முதல் 9 வரை எண்கள், ஏ முதல் எஃப் வரை ஆறு எழுத்துகள். இரண்டு வரி டெக்ஸ்ட் ஃபைலுக்கும் 64 குறிதான், 40 ஜிபி கல்யாண வீடியோவுக்கும் 64 குறிதான். உள்ளே ஒரே ஒரு பிட் மாறினாலும் மொத்த எண்ணும் அடையாளம் தெரியாமல் மாறிவிடும்.

பெயர் இந்தக் கணக்கில் சேராது. ஃபைலுக்குப் பெயர் மாற்றினாலும், வேறு ஃபோல்டரில் போட்டாலும், தேதி மாறினாலும் செக்சம் மாறாது. மாறுவது உள்ளடக்கம் மாறினால் மட்டும். ஆனால் எது மாறினால் உள்ளடக்கம் மாறும் என்பதில் சில ஆச்சரியங்கள் உண்டு. போட்டோவை ஒரு பக்கம் திருப்பிச் சேமித்தால் மாறும். வேர்ட் ஃபைலைத் திறந்து எதையும் தொடாமல் சேவ் கொடுத்தாலே மாறலாம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் மறுமுனையில் வேறு ஃபைல்; அது சுருக்கி அனுப்புகிறது. டாக்குமெண்ட்டாக அனுப்பினால் அப்படியே போகும்.

எந்த முறையைத் தேர்ந்தெடுப்பது? எம்டி5, ஷா-1, ஷா-256 மூன்றையும் பார்ப்பீர்கள். எம்டி5 ரொனால்ட் ரிவெஸ்ட் உருவாக்கியது, 1992இல் வெளியானது. 2004இல் வாங் சியாவ்யுன் குழுவினர், வெவ்வேறு உள்ளடக்கம் ஒரே எம்டி5 எண்ணைத் தரும் ஜோடிகளைக் கண்டுபிடித்துக் காட்டினார்கள். ஷா-1க்கு அதே கதி 2017 பிப்ரவரியில் வந்தது: ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு நிறுவனமும் கூகுளும் சேர்ந்து ஒரே ஷா-1 எண் கொண்ட இரண்டு பிடிஎஃப்களை வெளியிட்டார்கள். தற்செயலாகக் கெட்டுப்போனதைக் கண்டுபிடிக்க எம்டி5 இன்றும் போதும்தான். வேண்டுமென்றே ஏமாற்ற நினைப்பவரிடம் அது எடுபடாது. புதிதாக ஆரம்பிக்கும் நீங்கள் எந்த யோசனையும் இல்லாமல் ஷா-256ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நேரம் மிச்சமாகும் என்று சிலர் எம்டி5க்குப் போவார்கள். வெளி ஹார்ட் டிஸ்க்கில் நேரத்தைத் தின்பது பெரும்பாலும் டிஸ்க்கைப் படிக்கும் வேலைதான், கணக்கு இல்லை.

முதல் கட்டளை

லினக்ஸில் டெர்மினலைத் திறந்து, ஷா256சம் என்று தட்டி (எஸ், எச், ஏ, 256, எஸ், யூ, எம், இடைவெளி கிடையாது), ஓர் இடைவெளி விட்டு, ஃபைலை மவுஸால் இழுத்து டெர்மினல்மேல் போடுங்கள். அதன் முழு முகவரி தானாக வந்து உட்காரும். என்டர்.

மேக்கில் கட்டளை ஷாசம் -ஏ 256 (எஸ், எச், ஏ, எஸ், யூ, எம்). அதில் -ஏ 256ஐ மறந்தால் பழைய ஷா-1 எண் வரும், 40 குறிதான் இருக்கும். நீளத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்: எம்டி5 என்றால் 32, ஷா-1 என்றால் 40, ஷா-256 என்றால் 64.

விண்டோஸில் பவர்ஷெல்லை (அங்கே உள்ள டெர்மினல்) திறந்து கெட்-ஃபைல்ஹாஷ் என்று தட்டி, இடைவெளி விட்டு ஃபைல் பெயர். எதுவும் சொல்லாவிட்டால் அது ஷா-256ஐத்தான் எடுத்துக்கொள்ளும். எண் பெரிய எழுத்தில் வரும், லினக்ஸில் சிறிய எழுத்தில் வரும். இரண்டும் ஒன்றே, பயப்பட வேண்டாம்.

சரியாகச் செய்கிறோமா என்று பார்க்க ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. உள்ளே எதுவுமே இல்லாத ஒரு காலி ஃபைலை உருவாக்குங்கள். லினக்ஸிலும் மேக்கிலும் டச் காலி.டிஎக்ஸ்டி என்று தட்டினால் போதும் (டச் என்பது டி, ஓ, யூ, சி, எச்). அதன் ஷா-256 எண்ணை எடுத்தால், ஈ3பி0சி442 என்று ஆரம்பித்து 7852பி855 என்று முடியும். உலகத்தில் எந்தக் கணினியில் எடுத்தாலும் காலி ஃபைலுக்கு இதே எண்தான். இந்த ஆரம்பத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கணக்கான போட்டோக்களுக்கு எடுத்த பட்டியலில் ஈ3பி0சி442 தலைகாட்டினால் அந்த ஃபைல் வெறும் கூடு, உள்ளே பூஜ்ஜியம் பைட். காப்பி நடுவில் அறுந்துபோனதன் தடயம் பல சமயம் இப்படித்தான் கிடைக்கும்.

டவுன்லோடு செய்த ஃபைலுக்கு

லினக்ஸ் ஐஎஸ்ஓ (நிறுவுவதற்கான டிஸ்க் முழுவதையும் அடக்கிய ஒரே ஃபைல்) ஒன்றை இறக்கினால், பக்கத்திலேயே அதன் செக்சம் எண்ணையும் வெளியிட்டிருப்பார்கள். நீங்கள் எடுத்ததும் அதுவும் ஒன்றா என்று பார்க்கவேண்டும். முதல் நாலு குறி, கடைசி நாலு குறி கண்ணால் பார்த்துவிட்டுத் தலையாட்டுவதுதான் வழக்கம். தற்செயலான பழுதைப் பிடிக்க அது போதும். திட்டமிட்டு மாற்றிய ஃபைலைப் பிடிக்கப் போதாது. ஒப்பிடும் வேலையைக் கணினியிடமே விடுங்கள். பவர்ஷெல்லில்:

(கெட்-ஃபைல்ஹாஷ் ஃபைல்பெயர்).ஹாஷ் -ஈக்யூ "தளத்தில் இருந்து எடுத்த எண்"

ட்ரூ என்று வந்தால் சரி, ஃபால்ஸ் என்றால் திரும்ப இறக்குங்கள். ஈக்யூ என்பது ஈ, க்யூ என்ற இரண்டு எழுத்து. பெரிய எழுத்து சிறிய எழுத்து வித்தியாசத்தை அது பொருட்படுத்தாது.

இதில் ஓர் ஓட்டையும் உண்டு. 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் வகையின் தளத்துக்குள் புகுந்தவர்கள், 17.3 சின்னமன் பதிப்பின் டவுன்லோடு இணைப்பைப் பின்வாசல் வைத்த ஐஎஸ்ஓவுக்குத் திருப்பிவிட்டார்கள். டவுன்லோடு இணைப்பை மாற்ற முடிந்தவருக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும் எண்ணை மாற்றுவது பெரிய காரியமா? அதனால்தான் உபுண்டு, மின்ட் போன்றவை செக்சம் பட்டியலோடு ஜிபிஜி கையொப்ப ஃபைலையும் (பட்டியலை வெளியிட்டது அவர்கள்தான் என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பம்) தருகின்றன. அந்தக் கையொப்பத்தைச் சரிபார்ப்பது தனி வேலை. இப்போதைக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள்: ஃபைலும் அதன் எண்ணும் ஒரே இடத்தில் இருந்து வந்தால், டவுன்லோடு வழியில் கெடவில்லை என்று மட்டுமே உங்களுக்குத் தெரியும்.

ஸ்கிரிப்ட்

ஒரு ஃபைலுக்குக் கட்டளை போதும். ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் நாலாயிரம் போட்டோ என்றால் ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த ஃபைல், வேண்டும். கீழே உள்ளது லினக்ஸிலும் மேக்கிலும் ஓடும். விண்டோஸ்காரர்கள் கிட் ஃபார் விண்டோஸை நிறுவினால் கூடவே கிட் பாஷ் என்ற டெர்மினல் வரும், அதிலும் இதே ஸ்கிரிப்ட் ஓடும். அங்கே ஈ டிரைவ் என்பது /ஈ என்று எழுதப்படும்.

டெக்ஸ்ட் எடிட்டரில் புது ஃபைல் திறந்து இந்த மூன்று வரியை எழுதி, செக்.எஸ்எச் என்ற பெயரில் சேமியுங்கள்.

#!/பின்/பாஷ்

சிடி "$1" || எக்ஸிட் 1

ஃபைண்ட் . -டைப் எஃப் -எக்ஸெக் ஷா256சம் {} + | சார்ட் -கே 2 > ~/லிஸ்ட்-$(டேட் +%எஃப்).டிஎக்ஸ்டி

முதல் வரி, இது பாஷ் (டெர்மினலில் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) ஸ்கிரிப்ட் என்ற அறிவிப்பு. பின் என்பது பி, ஐ, என். இரண்டாவது வரியில் $1 என்பது ஸ்கிரிப்ட்டை ஓட்டும்போது நீங்கள் கொடுக்கும் ஃபோல்டர். அதைச் சுற்றியுள்ள இரட்டை மேற்கோளைச் சோம்பல்பட்டு விட்டுவிடாதீர்கள். நம் ஆட்கள் ஃபோல்டருக்கு 'அக்கா கல்யாணம் வீடியோ' என்று இடைவெளி விட்டுத்தான் பெயர் வைப்போம். மேற்கோள் இல்லாவிட்டால் பாஷ் அதை மூன்று தனித்தனிப் பெயராக எண்ணிக்கொள்ளும். || எக்ஸிட் 1 என்பது, அந்த ஃபோல்டருக்குள் போக முடியாவிட்டால் அதோடு நிறுத்து என்ற கட்டளை. இது இல்லையென்றால் ஃபோல்டர் பெயரில் ஓர் எழுத்துப் பிழை விட்டாலும் ஸ்கிரிப்ட் நின்ற இடத்திலேயே வேலையை ஆரம்பித்து, சம்பந்தமில்லாத ஃபைல்களுக்கு அழகான பட்டியல் ஒன்றைப் போட்டு வைத்துவிடும்.

மூன்றாவது வரியில்தான் வேலை நடக்கிறது. ஃபைண்டுக்குப் பின்னால் இருக்கும் ஒற்றைப் புள்ளி, 'இந்த இடத்தில் இருந்து தேடு' என்பது. -டைப் எஃப் என்றால் ஃபைல்களை மட்டும். -எக்ஸெக் (ஈ, எக்ஸ், ஈ, சி) கிடைத்த ஃபைல்களைக் கொத்தாக ஷா256சம்மிடம் கொடுக்கிறது. {} என்ற இடத்தில் ஃபைல் பெயர்கள் வந்து உட்காரும். பெயரில் இடைவெளி, அடைப்புக்குறி, தமிழ் எழுத்து எது இருந்தாலும் இந்த முறையில் உடையாது. சார்ட் -கே 2 (எஸ், ஓ, ஆர், டி) பெயர் வரிசைப்படி அடுக்குகிறது. மேக்கில் ஷா256சம் என்ற இடத்தில் மட்டும் ஷாசம் -ஏ 256 என்று போடுங்கள்.

வரியின் கடைசித் துண்டை நன்றாகப் பாருங்கள். பட்டியல் போய் விழும் இடம் ~/ என்பது. உங்கள் ஹோம் ஃபோல்டர், அதாவது கணினியிலேயே. செக்சம் எடுக்கும் ஃபோல்டருக்குள் அதை வைக்கவில்லை. இதற்குக் காரணம் இருக்கிறது. ஃபைண்ட் ஓடத் தொடங்கும் முன்பே > குறி பட்டியல் ஃபைலைக் காலியாக உருவாக்கிவிடும். அது அதே ஃபோல்டரில் இருந்தால் ஃபைண்ட் அதையும் சேர்த்துப் பிடித்து, இன்னும் எழுதி முடிக்காத பட்டியலுக்கே ஓர் எண்ணைப் போட்டுவிடும். பிறகு எப்போது சரிபார்த்தாலும் அந்த ஒரு வரி மட்டும் தப்பு என்றே வரும். டிஸ்க் கெட்டுவிட்டதோ என்று ராத்தூக்கம் போகும். தவிர, டிஸ்க்கே செத்தால் பட்டியலும் கூடவே போகும். பிறகு வேண்டுமானால் பட்டியலின் ஒரு நகலை டிஸ்க்கிலும் போட்டு வையுங்கள், மெயிலில் உங்களுக்கே ஒன்று அனுப்பி வையுங்கள். நாலாயிரம் ஃபைல் பட்டியலே அரை எம்பி சொச்சம்தான் வரும்.

$(டேட் +%எஃப்) என்பது அன்றைய தேதியைப் பெயரில் சேர்க்கிறது. இதில் எஃப் மட்டும் பெரிய எழுத்து. முன்னால் வந்த -டைப் எஃப்பில் சிறிய எழுத்து. 2025 ஜனவரி 14 அன்று ஓட்டினால் லிஸ்ட்-2025-01-14.டிஎக்ஸ்டி என்று கிடைக்கும். இது அலங்காரத்துக்கு இல்லை. பட்டியலுக்கு ஒரே நிலையான பெயர் வைத்து ஆறு மாதம் கழித்து ஸ்கிரிப்ட்டைத் திரும்ப ஓட்டினால் என்ன ஆகும்? நடுவில் கெட்டுப்போன ஃபைலின் எண், பழைய நல்ல எண்ணின்மேல் எழுதப்பட்டுவிடும். அதன்பின் கெட்டதுதான் அசல் என்று பட்டியல் சாதிக்கும். செக்சம் பட்டியலுக்கு மதிப்பே, ஃபைல் நன்றாக இருந்த நாளில் எடுத்தது என்பதில்தான். பழைய பட்டியல்களை அழிக்கவே அழிக்காதீர்கள்.

ஓட்டுவதற்கு: பாஷ் செக்.எஸ்எச் என்று தட்டி, இடைவெளி விட்டு, ஃபோல்டரை இழுத்துப் போடுங்கள். என்டர். எதுவும் வராமல் கர்சர் கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும். தொங்கிவிட்டது என்று கன்ட்ரோல் சி அடித்துவிட வேண்டாம், வேலை நடந்துகொண்டிருக்கிறது. நொடிக்கு 100 எம்பி படிக்கும் டிஸ்க்கில் 500 ஜிபிக்கு ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். யூஎஸ்பி 2.0 துளையில் செருகியிருந்தால் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல். நீல நிறத் துளை இருந்தால் அதில் செருகுங்கள்.

முடிந்ததும் பட்டியலைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு வரியிலும் 64 குறி, இரண்டு இடைவெளி, அப்புறம் ./ என்று ஆரம்பிக்கும் பெயர். இந்த ./ முக்கியம். முழு முகவரி எழுதியிருந்தால், இன்று ஈ டிரைவாக வந்தது நாளை எஃப் டிரைவாக வரும்போது பட்டியல் பயன்படாமல் போயிருக்கும். ஸ்கிரிப்ட்டில் சிடி வரியை முதலில் வைத்தது இதற்காகத்தான்.

ஒப்பிடுவது

செக்சம் எடுக்கக் கற்றுக்கொண்டவர்களில் பாதிப்பேர் இங்கே வருவதே இல்லை. பட்டியல் போட்டதோடு கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். திரும்ப ஒப்பிட்டுப் பார்க்காத பட்டியல் வெறும் எண் குப்பை.

அசல் இருக்கும் லேப்டாப் ஃபோல்டரில் ஸ்கிரிப்ட்டை ஓட்டிப் பட்டியல் எடுத்துவிட்டீர்கள். அதே ஃபோல்டரை வெளி டிஸ்க்குக்குக் காப்பி செய்தாயிற்று. இப்போது டிஸ்க்கை எஜெக்ட் செய்து, கழற்றி, மறுபடி செருகுங்கள். இதைத் தாண்டிப் போகாதீர்கள். காப்பி செய்த கையோடு ஒப்பிட்டால், இப்போதுதான் எழுதிய ஃபைல்கள் ரேமில் இன்னும் சூடாக இருக்கும். கணினி டிஸ்க்கைத் தொடாமலே ரேமில் இருந்து படித்து, எல்லாம் சரி என்று சொல்லிவிடும். போலி பென் டிரைவ்கள் தப்பித்துக்கொள்வது இப்படித்தான்.

செருகியதும், டெர்மினலில் சிடி என்று தட்டி டிஸ்க்கில் உள்ள ஃபோல்டருக்குள் போய்:

ஷா256சம் -சி --க்வையட் ~/லிஸ்ட்-2025-01-14.டிஎக்ஸ்டி

-சி என்றால் ஒப்பிட்டுப் பார். --க்வையட் (க்யூ, யூ, ஐ, ஈ, டி) போட்டால் சரியாக உள்ளவற்றைப் பற்றி வாய் திறக்காது, கெட்டதை மட்டும் சொல்லும். அது இல்லாவிட்டால் நாலாயிரம் 'ஓகே' ஓடி, நடுவில் வந்த ஒரு 'ஃபெயில்டு' கண்ணில் படாமல் மேலே போய்விடும். முடிவில் எதுவுமே வராமல் கர்சர் திரும்பி வந்தால், அதுதான் நல்ல செய்தி.

இது சொல்லாத ஒன்றும் உண்டு. பட்டியலில் இல்லாத புது ஃபைல்கள் ஃபோல்டரில் இருந்தால் இந்தக் கட்டளை கண்டுகொள்ளாது. பட்டியலில் உள்ளவை இருக்கின்றனவா, மாறாமல் இருக்கின்றனவா என்பது மட்டும்தான் அதன் கேள்வி. எண்ணிக்கை பார்க்க, ஃபைண்ட் . -டைப் எஃப் | டபிள்யூசி -எல் என்று ஒரு முறையும், டபிள்யூசி -எல் போட்டுப் பட்டியல் ஃபைலின் பெயரைக் கொடுத்து ஒரு முறையும் ஓட்டி, இரண்டு எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். பட்டியல் எடுத்தவுடனும் இதைச் செய்வது நல்லது. படிக்க அனுமதி இல்லாத ஃபைல் ஏதாவது விடுபட்டிருந்தால் அப்போதே தெரிந்துவிடும். விண்டோஸ் போட்டுவைக்கும் தம்ப்ஸ்.டிபி, மேக் போட்டுவைக்கும் .டிஎஸ்_ஸ்டோர் போன்ற உதிரிகள் சத்தமில்லாமல் முளைத்து எண்ணிக்கையைக் கூட்டும், அடிக்கடி மாறி ஃபெயில்டும் காட்டும். அவற்றுக்காகக் கவலைப்பட வேண்டாம்.

உண்மையான போட்டோக்களில் கை வைக்கும் முன் ஓர் ஒத்திகை பாருங்கள். நாலைந்து டெக்ஸ்ட் ஃபைல் போட்ட ஒரு ஃபோல்டருக்குப் பட்டியல் எடுங்கள். ஒரு ஃபைலில் ஒரே ஒரு காற்புள்ளி சேர்த்துச் சேமியுங்கள். இன்னொன்றுக்குப் பெயர் மாற்றுங்கள். இப்போது ஒப்பிட்டால், முதலாவது ஃபெயில்டு என்று வரும். இரண்டாவதைத் திறக்கவே முடியவில்லை என்று வரும். இந்த இரண்டு செய்திகளும் வேறு வேறு என்பதைக் கண்ணால் பார்த்து வைத்துக்கொண்டால், பிறகு நிஜமாக வரும்போது பதற்றம் இருக்காது.

தமிழ்ப் பெயர் வைத்த ஃபைல்கள்

மற்ற மொழி வழிகாட்டிகளில் நமக்குக் கிடைக்காத தலைவலி இது. 'பொங்கல்' என்று ஒரு ஃபோல்டர். திரையில் பார்த்தால் பட்டியலிலும் பொங்கல், டிஸ்க்கிலும் பொங்கல். ஆனால் அப்படி ஒரு ஃபைலே இல்லை என்கிறது கணினி.

காரணம் ஒகர உயிர்மெய். யூனிகோடில் (கணினி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறை) 'பொ'வின் குறியை ஒரே எண்ணாகவும் எழுதலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு எண்ணாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே, பைட்டில் இரண்டும் வேறு. மேக் கணினிகளின் பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் முறையில் ஃபார்மேட் செய்த டிஸ்க், பெயர்களைப் பிரித்து எழுதியே சேமிக்கும். அங்கே போய் வந்த ஃபைலை லினக்ஸில் பழைய பட்டியலோடு ஒப்பிட்டால் கொ, சோ, பௌ என்று வரும் பெயர்கள் எல்லாம் காணாமல் போனதாகக் காட்டும். மற்றவை எல்லாம் சரியாக வந்து இந்த எழுத்துள்ள பெயர்கள் மட்டும் அடம்பிடித்தால் டிஸ்க்கைக் குற்றம் சொல்லாதீர்கள். அதே ஸ்கிரிப்ட்டை ஓட்டிப் புதிய பட்டியல் எடுத்து, பெயரை விட்டுவிட்டு 64 குறிகளை மட்டும் பழையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பொருந்தும். நீண்ட காலத்துக்கு வைக்கப்போகும் காப்பகம் என்றால் ஃபைல் பெயரை ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் வைத்துவிடுவதுதான் என் பரிந்துரை. தமிழ் மேல் பற்று குறைவு என்று யாரும் சொல்லிவிட மாட்டார்கள்.

விண்டோஸில் பவர்ஷெல் வழியாகவே பட்டியல் எடுப்பவர்களுக்கு இன்னொரு பள்ளம். கட்டளை இது:

கெட்-சைல்டுஐட்டம் -ரிகர்ஸ் -ஃபைல் | கெட்-ஃபைல்ஹாஷ் | எக்ஸ்போர்ட்-சிஎஸ்வி லிஸ்ட்.சிஎஸ்வி -என்கோடிங் யூடிஎஃப்8

ரிகர்ஸ் என்பது ஆர், ஈ, சி, யூ, ஆர், எஸ், ஈ. கடைசியில் உள்ள -என்கோடிங் யூடிஎஃப்8ஐ விட்டுவிட்டால், விண்டோஸோடு வரும் 5.1 பதிப்பு தமிழ்ப் பெயர் ஒவ்வொன்றையும் கேள்விக்குறிகளாக மாற்றி எழுதிவிடும். எண் சரியாக இருக்கும், எந்த ஃபைலின் எண் என்றுதான் தெரியாது. லினக்ஸில் ஒப்பிடுவதற்காக இந்தப் பட்டியலைக் கொண்டுபோகவும் முடியாது, வடிவம் வேறு. அதனால்தான் கிட் பாஷ் என்றேன்.

ஃபெயில்டு வந்தால்

முதலில் எதையும் அழிக்காதீர்கள், எதன்மேலும் எதையும் காப்பி செய்யாதீர்கள். அசல் இன்னும் லேப்டாப்பில் இருந்தால் அதற்கு அதே கட்டளையை ஓட்டுங்கள். அசல் சரி, நகல் தப்பு என்றால் வேலை சுலபம்: கேபிளை மாற்றி, வேறு துளையில் செருகி, அந்த ஃபைலை மட்டும் திரும்பக் காப்பி செய்து மறுபடி ஒப்பிடுங்கள். திரும்பத் திரும்ப அதே டிஸ்க்கில் வெவ்வேறு ஃபைல் கெட்டால் அந்த டிஸ்க்கை நம்புவதை நிறுத்துங்கள்.

நடுவில் எதையும் காப்பி செய்யாமல் ஒரே டிஸ்க்கை இரண்டு முறை ஒப்பிட்டு, இரண்டு முறையும் வேறு வேறு ஃபைல் கெட்டதாகக் காட்டினால், டிஸ்க்கைவிட ரேமையும் கேபிளையும்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். படிக்கும் வழியில்தான் எங்கோ கோளாறு.

கெட்டதைச் செக்சம் சரிசெய்து தராது. அதற்கு இரண்டாவது நகல் வேண்டும். டிஸ்க் இரண்டு, பட்டியல் ஒன்று என்று வைத்துக்கொண்டால், ஒரு டிஸ்க்கில் கெட்ட ஃபைலுக்கு மற்றதில் நல்ல நகல் இருக்கிறதா என்று அதே பட்டியலே சொல்லிவிடும்.

கோர்ட்டுக்குப் போகும் ஃபைல்

சிசிடிவி காட்சி, போன் பதிவு போன்றவற்றை வழக்கில் ஆதாரமாகக் கொடுப்பவர்களுக்கு இந்த எண் இப்போது நேரடியாகத் தேவைப்படுகிறது. பழைய இந்திய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியமில், பிரிவு 63(4)இன்படி மின்னணு ஆவணத்தோடு ஒரு சான்றிதழ் தரவேண்டும். சட்டத்தின் அட்டவணையில் உள்ள அந்தப் படிவத்தில் ஃபைலின் ஹாஷ் மதிப்பை (நாம் இதுவரை செக்சம் என்று சொன்ன அதே எண்) எழுதவும், ஷா-1, ஷா-256, எம்டி5 இவற்றில் எந்த முறை என்று குறிக்கவும் இடம் விட்டிருக்கிறார்கள்.

படிவத்தை நிரப்பும் விதத்தை வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நம் பக்க வேலை எளிது: டிவிஆரில் (சிசிடிவி காட்சியைப் பதிவு செய்யும் பெட்டி) இருந்து எடுத்தவுடன், பிளேயரில் தேவையான இடத்தை வெட்டி எடுப்பதற்கு முன்னால், வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்புவதற்கு முன்னால், அந்த ஃபைலுக்கு ஷா-256 எண்ணை எடுத்து எழுதிவிடுங்கள். வெட்டிய துண்டையும் கொடுக்கப்போகிறீர்கள் என்றால் அது தனி ஃபைல், அதற்குத் தனி எண். 64 குறியையும் கையால் பார்த்து எழுதாமல் டெர்மினலில் இருந்து காப்பி செய்து ஒட்டி, பிரிண்ட் எடுங்கள்.